வாடகை என்னும் ‘வீண் செலவு’

“மாதாமாதம் வாடகை கொடுப்பது வீண்” என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. சென்னையில் வீடு வாங்க 8.5 சதவீத வட்டியில் 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 43,400 ரூபாய். வட்டி மட்டுமே 54 லட்சத்தைத் தாண்டுகிறது, அதாவது வாங்கிய அசலைவிட அதிகம். பத்திரப் பதிவின்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று போகும் தொகையை வங்கிகள் பொதுவாகக் கடனில் சேர்ப்பதில்லை. அதன்பின் அரையாண்டுச் சொத்துவரி, அடுக்குமாடியென்றால் மாதப் பராமரிப்புத் தொகை, மழைக்கு மழை ஒழுகும் மொட்டைமாடி (இதற்கு முடிவே கிடையாது). சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை என்ற ஒரே மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள இவ்வளவு விலை கொடுக்க எனக்கு இப்போதைக்கு மனம் வரவில்லை.