பழைய ரெக்கார்ட் வைஸ்: சோதித்ததும், வாங்கியதும், துரு எடுத்ததும்

பழைய எஞ்சின் பாகங்களையும் பித்தளைச் சாமான்களையும் அரத்தால் ராவிச் செப்பனிடுவது என் ஓய்வு நேர வேலை. அதற்கு 4 அங்குலத் தாடை கொண்ட கனமான வைஸ் (பொருளைத் தாடைகளுக்கிடையே திருகி இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஒன்று நெடுநாளாகத் தேவைப்பட்டது. இராமநாதபுரம் கடற்கரையில் அப்படிப்பட்ட சாமானைத் தேட ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில் மண்டபம், பாம்பன் பக்கத்து எஞ்சின் பட்டறைகளில் வேலை குவிகிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய சாமான்கள் அப்போது காயலான் கடைக்கு வந்துசேர்கின்றன. நான் வாங்கிய வைஸும் அவ்வாறு வந்ததே.

அதன்மேல் பச்சை, கறுப்பு, சாம்பல் எனப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருந்ததால் பக்கவாட்டில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சாக்குக்கட்டியைப் படுக்க வைத்து மேலோட்டமாக உரசியபோது, மேடாக வார்க்கப்பட்ட எழுத்துகளில் மட்டும் வெள்ளை படிந்து ‘ரெக்கார்ட்’ என்ற பெயரும், 3 என்ற எண்ணும், இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்ற ஆங்கில வரியும் தெளிந்தன. ரெக்கார்ட் என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சி. அண்டு ஜே. ஹாம்ப்டன் நிறுவனம் தன் கருவிகளுக்கு இட்ட பெயர். அதன் வைஸ்களில் 3ஆம் எண் 4 அங்குலத் தாடையைக் குறிக்கும். அடிப்பாகத்தில் எல்லாப் பெயின்டுக்கும் கீழே ரெக்கார்டுக்குரிய நீல நிறம் திட்டுத்திட்டாக எஞ்சியிருந்தது. எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்ததையும் கவனித்தேன். ஏற்கெனவே உள்ள ஒரு வைஸையே அச்சாக வைத்து வார்த்த நகல்களில் எழுத்து மழுங்கிவிடும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும்.

ஆனால் பெயரைக் கண்டவுடன் பணத்தை எடுத்து நீட்டுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. எந்தெந்தப் பாகங்கள் இருக்க வேண்டும் என்று அறியப் பெயர் உதவும். இந்த வைஸ் இனி வேலை செய்யுமா என்பதை அதன் திருகின் மரையும் (சுற்றுப் பள்ளமும்) வார்ப்பும்தான் சொல்ல வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் நம் ஊரில் மேல்துருவைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். மேல்துருவை நீக்கிவிடலாம், திருகு ஏறிச் சுழலும் நட்டு தேய்ந்துவிட்டால் அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

ஆகவே முதலில் திருகை முழுவதுமாகக் கழற்றி, நகரும் தாடையை வெளியே இழுத்தேன். உள்ளே பல ஆண்டுக் கிரீஸ் மணலோடு சேர்ந்து தார்போல் இறுகியிருந்தது. அதைத் துடைத்த இடத்தில் திருகு துருவின்றிப் பளபளத்தது. புதிய திருகில் மரையின் தலை தட்டையாக இருக்கும். தேயத் தேய அது மெலிந்து, இறுதியில் கத்தி விளிம்பாகிவிடும். இதில் தட்டை நன்றாகவே எஞ்சியிருந்தது. ஆயினும் திருகைவிட முதலில் தேய்வது உள்ளே தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும் நட்டுதான் என்பதால், மீண்டும் பூட்டி, தாடையைப் பாதி திறந்து, முன்னும் பின்னும் கையால் தள்ளி இழுத்துப் பார்த்தேன். சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. இதில் ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்தது. பின்னர் தாடையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு காகிதத் துண்டை வைத்து மெல்ல இறுக்கியதில் இரண்டும் ஒருசேரப் பிடிபட்டன; தாடைகள் கோணாமல் நேராகவே சேர்கின்றன என்று பொருள்.

அடுத்தது விரிசல். கைப்பிடி சற்று வளைந்திருந்ததால் யாரோ குழாயைச் செருகி நெம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட வைஸில் நிலைத் தாடையின் அடிப்பகுதியையும் போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள காதுகளையும் விடாமல் பார்க்க வேண்டும். அவ்விடங்களில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்குப்பொடி தூவிக் காத்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாக எழும். கோடு எதுவும் எழவில்லை. சிறு சுத்தியலால் தட்டியபோதும் ஓசை கணீரென்றே இருந்தது. பெயின்டைச் சுரண்டிய இடங்களில் பித்தளைப் பற்று வைத்த மஞ்சள் கீற்றும் இல்லை.

விலைக்கு வந்தபோது, “எடைக்கே போட்டுக் குடுங்க பாய்” என்று கேட்டேன். “எடைக்குன்னா உருக்கப் போறவன் வாங்கட்டும் தம்பி, இது இன்னும் வேலை செய்யிற சாமான்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நியாயம்தான். ஏறக்குறைய 17 கிலோ இருந்தது. தாடையின் முகப்பில் திருகாணியால் பொருத்தப்படும் தகடு (தாடைத் தகடு) ஒன்று இல்லாததைச் சுட்டிக்காட்டி 2,800 ரூபாய்க்கு முடித்தேன்.

துருவை மின்சார முறையில் எடுத்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸின் உடலிலும் நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்தால், துரு இளகிக் கறுப்புச் சேறாக உதிர்கிறது. தகடு சாதாரண இரும்பாகவே இருக்க வேண்டும். எவர்சில்வரை வைத்தால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில் செய்வதே பாதுகாப்பு. நம் பகுதிக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கையும் உண்டு. துரு நீங்கிய இரும்பை உவர்க் கிணற்று நீரில் கழுவினால் உப்பு மீண்டும் குழிகளில் ஏறிக்கொள்ளும். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கொண்டு பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறும் முன்பே எண்ணெய் பூசினேன்.

இப்போது எஞ்சியிருப்பது தாடைத் தகடு. இருக்கும் தகட்டின் திருகாணியை மரை அளவுகோலில் வைத்துப் பார்த்ததில், அது அங்குலத்துக்கு 18 மரை கொண்ட 5/16 அங்குல விட்வொர்த் வகை (பழைய பிரிட்டிஷ் மரை வகை) என்று தெரிந்தது. இன்று எளிதில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் திருகாணி பருமனில் இதற்கு மிக நெருக்கமானது. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். அதனால் முதல் சுற்று எளிதாக ஏறும்; ஆனால் மரைகளின் இடைவெளி வேறு என்பதால் பிறகு இறுகும். வலுவாகத் திருப்பினால் வார்ப்பிரும்பிலுள்ள மரை பொடிந்துவிடும். சரியான திருகாணிகளை மதுரையிலிருந்து தருவிக்கச் சொல்லியிருக்கிறேன். தகட்டுக்கான இரும்புப் பட்டையை லேத் பட்டறையில் அறுத்து வாங்கிவிட்டேன்; துளையிடும் இடங்களைக் குறித்து முடித்திருக்கிறேன்.