உகாப் ஆற்றங்கரை நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 31, சனி. ஸ்வாகோப்முண்ட்

நமீபியாவின் உகாப் ஆற்றங்கரையில், யானைகள் உடைக்கும் கிணற்று பம்புகளையும் தொட்டிகளையும் காக்கச் சுவர் கட்டும் தன்னார்வப் பணிக்கு வந்திருக்கிறேன். முதலில் அனுமதிச் சீட்டு விஷயம். சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு நமீபியாவில் தன்னார்வப் பணி செய்யக் கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான். அழைக்கும் அமைப்பே விண்ணப்பித்து, புறப்படும் முன் அனுமதியை வாங்கித் தர வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற அமைப்பை நம்ப வேண்டாம். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வருபவர்கள், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாகச் சாமான் வாங்கும் ஊர் இது. தோல் கையுறை இரண்டு ஜோடி, கணுக்கால் மூடும் பூட்ஸ், அகன்ற விளிம்புத் தொப்பி, சிவப்பு வெளிச்சமும் உள்ள தலைவிளக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஒரு டப்பா வாஸலின். வாஸலின் எதற்கென்றால், சிமெண்டும் வறண்ட காற்றும் சேர்ந்து மூன்றே நாளில் விரல் நுனியை வெடிக்க வைத்துவிடும். பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவில் பாலைவனம் நடுக்கும். 0 டிகிரி வரை தாங்கும் தூக்கப் பை வேண்டும். தென்னாப்பிரிக்க ராண்ட் இங்கே நமீபிய டாலருக்குச் சமமாகச் செல்லும். எல்லை தாண்டினால் நமீபிய டாலரை யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் கடைசி நாளுக்கு மீதி வைக்காதீர்கள்.

செப்டம்பர் 2, திங்கள். உகாப் பள்ளத்தாக்கு

இந்த ஆறு மழைக்குப் பின் சில நாள்தான் ஓடும். மீதி ஆண்டு முழுதும் மணல், அடியில் ஈரம். அந்த ஈரத்தில்தான் அனா என்னும் வேல மர வகை நிற்கிறது. அந்த மரங்களை நம்பி யானைகள் நிற்கின்றன. 'பாலைவன யானை' என்று தனி இனம் கிடையாது. ஆப்பிரிக்கப் புல்வெளி யானையேதான், சில நாள் தண்ணீர் இல்லாமல் நடக்கப் பழகியது, அவ்வளவே.

ஆற்றோரத்தில் டமாரா, ஹெரேரோ மக்கள் ஆடு மாடு வளர்க்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு, டீசல் எஞ்சின் அல்லது காற்றாலை பம்பு, ஒரு தொட்டி. வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு 100 முதல் 200 லிட்டர் குடிக்கும். பத்து யானை ஒரே இரவில் வந்தால் ஆட்டுக்கு வைத்த தண்ணீரெல்லாம் போயிற்று. அதோடு நிற்பதில்லை. தண்ணீர் மணம் வரும் குழாயைப் பிடுங்கும், தொட்டியை உடைக்கும், எஞ்சினைத் தள்ளும். டீசல் காசு விவசாயியுடையது. மே மாதம் அரசு வறட்சி அவசரநிலை அறிவித்த ஆண்டு இது. இந்த நிலையில் குழாய் உடைந்த வீட்டில் போய் யானையின் அருமையை விளக்குவது நியாயமல்ல. அந்த வீட்டுக்குத் தேவை ஒரு நல்ல சுவர்.

சுவரைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. யானையை விரட்ட அல்ல இது. எஞ்சினும் தொட்டியும் சுவருக்குள்ளே. யானை குடிக்கும் தொட்டி சுவருக்கு வெளியே. இரண்டும் முடிந்தால்தான் வேலை முடிந்தது. சுவரை மட்டும் கட்டிவிட்டுப் போனால் தாகத்தோடு வரும் யானை சுவரையே சோதித்துப் பார்க்கும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அளவு. தொட்டியின் குறுக்களவு 4 மீட்டர். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மீட்டர் விட்டால் உள்விட்டம் 10 மீட்டர், சுற்றளவு 31 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உயரம் 1.8 மீட்டர், தடிமன் அரை மீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 30 கன மீட்டர் கட்டு. கல் மட்டும் 45 டன்னுக்கு மேல் வரும். சிமெண்ட் 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 60. ஒரு குழு ஒரு வாரத்தில் முடிக்கிற வேலையல்ல. பாதியில் அடுத்த குழுவிடம் கொடுத்துவிட்டுப் போக மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

உயரத்தைவிட அந்த 3 மீட்டர் இடைவெளி முக்கியம். பெரிய ஆண் யானையின் தோள் உயரம் 3 மீட்டரைத் தாண்டும். சுவர் மேலாகத் தலையை நீட்டித் தும்பிக்கையை வீசினால் 2 மீட்டர் எட்டும். சிமெண்ட்டை மிச்சம் பிடிக்கச் சுவரைத் தொட்டிக்கு நெருக்கிக் கட்டிய இடங்களில் சுவர் நிற்கும், உள்ளே குழாய் இருக்காது.

வாசலும் அப்படித்தான். ஆள் நுழைய அரை மீட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் 200 லிட்டர் டீசல் பீப்பாயின் குறுக்களவு 58 சென்டிமீட்டர். கட்டி முடித்த பிறகு பீப்பாய் உள்ளே போகாமல் நிற்கும். 70 சென்டிமீட்டர் விடுங்கள், நேராகத் தும்பிக்கை நுழையாதபடி உள்பக்கம் ஒரு மறைப்புச் சுவர் எழுப்புங்கள், குட்டி யானை நுழையாமலிருக்க வாசலில் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் போடுங்கள்.

சூரிய ஒளித் தகடு வைத்த பம்பு என்றால் இன்னொன்று. நம் ஊரில் தகட்டைத் தெற்கு பார்த்து வைப்போம். இங்கே வடக்கு பார்த்து வைக்க வேண்டும், சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. வடக்குச் சுவரின் நிழல் தகட்டில் விழாதபடி தள்ளிக் கட்ட வேண்டும். மதிய ஓய்வுக்குத் தார்ப்பாய் கட்டும்போதும் இதே கணக்கு: பாறையின் தென்புறத்தில்தான் நிழல்.

செப்டம்பர் 4, புதன்

காலை வெளிச்சம் வந்ததும் வேலை, 11 மணிக்கு நிறுத்தம், 3 மணிக்குத்தான் மறுபடி. நடு வெயிலில் கட்டினால் ஆளும் கெடும், கலவையும் கெடும்.

மணல் ஆற்றிலிருந்தே. கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம், ஆற்றின் நடுப்பக்கம் போய் அள்ளுங்கள். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஐந்து பங்கு மணல், வாளியால் அளந்து. மண்வெட்டிக் கணக்கு உதவாது, ஆளுக்கு ஆள் மாறும். நிறம் ஒன்றாகும் வரை உலர்வாகவே புரட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். கரண்டியைச் சாய்த்தால் கலவை மெதுவாகச் சரிய வேண்டும், வழியக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கினால் அந்த வரிசைக்குப் பலமே இருக்காது.

இனி ஒரு கல். கையில் எடுத்ததும் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தட்டையோ அது படுக்கை. எது அழகோ அது வெளிமுகம். நீளப் பகுதி சுவருக்குள் போக வேண்டும். நீளத்தை வெளியே காட்டி வைத்தால் இடம் சீக்கிரம் நிரம்பும், ஆனால் அது சுவரில் ஒட்டிய ஓடு மாதிரி, யானை உரசினால் பெயர்ந்து வரும். முதலில் கலவை போடாமல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேறு கல். ஆடாவிட்டால் எடுத்துத் தண்ணீரில் நனையுங்கள், ஏனென்றால் வெயிலில் கிடந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, சுத்தியல் பிடியால் இரண்டு தட்டு. சந்தில் சில்லுக்கல்லைக் கலவையோடு செருகி இறுக்குங்கள். வெறும் கலவையால் சந்தை நிரப்புவது சிமெண்ட்டுக்கும் கேடு, சுவருக்கும் கேடு. கீழ் வரிசைச் சந்தின் மேல் மேல் வரிசைச் சந்து வராமல் பாருங்கள். மீட்டருக்கு ஒன்று வீதம் இரு முகத்தையும் பிணைக்கிற நீளக்கல் வேண்டும். அது இல்லாத சுவர் நடுவில் பிளந்து இரண்டு மெல்லிய சுவராகிவிடும்.

ஒரு நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் எழுப்ப வேண்டாம். பச்சைக் கலவை பாரம் தாங்காமல் சுவர் வயிறு தள்ளும்.

மாலையில் ஈரச் சாக்கு. ஏழு நாள் காய விடாமல் பார்க்க வேண்டும். தண்ணீர் அரிதான இடம் என்பதால் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். சாக்கின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கல் வைத்துவிட்டால் கால் பங்குத் தண்ணீரில் வேலை முடியும். நீர் காட்டாத சந்தை நகத்தால் கீறிப் பாருங்கள், மாவாக உதிரும்.

செப்டம்பர் 6, வெள்ளி

வெளித்தொட்டி. தொட்டி நிரம்பியதும் தண்ணீரைத் தானே நிறுத்தும் மிதவை வால்வை யானைத் தொட்டிக்குள் வைத்தால் முதல் இரவிலேயே பிடுங்கி எறியப்படும். அதனால் சுவருக்குள் ஒரு சின்னத் தொட்டி, அதில் வால்வு. அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் வெளித்தொட்டிக்கு. இரண்டின் விளிம்பும் ஒரே மட்டம். உள்ளே எந்த மட்டமோ வெளியேயும் அதே மட்டம், தண்ணீர் தானே பார்த்துக்கொள்ளும். ரசமட்டக் குழாயால் அளந்துதான் விளிம்பு கட்ட வேண்டும். வெளித்தொட்டி நான்கு விரல் தாழ்ந்துவிட்டால் இரவெல்லாம் வழியும், காலையில் கிணற்றுத் தண்ணீர் மணலில் கிடக்கும். குழாயை 60 சென்டிமீட்டராவது புதைத்து, மூடும் முன் தண்ணீர் விட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். கசியும் இணைப்பை யானை மோப்பம் பிடித்துத் தோண்டும்.

தொட்டியின் இடத்தை விவசாயியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டுப் பட்டிக்கும் யானை வரும் தடத்துக்கும் நடுவில் வந்துவிடக் கூடாது. பேச்சைத் தொடங்கும் முன் வணக்கம் சொல்லி, ஆடு மாடு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது இங்கு மரியாதை.

செப்டம்பர் 10, செவ்வாய். ரோந்து வாரம்

கட்டுமானத்துக்கு அடுத்த வாரம் யானைகளைத் தேடிப் பதிவு செய்வது. அடையாளம் காதில் இருக்கிறது: ஓரக் கிழிசல், ஓட்டை, நரம்போட்டம். பிறகு தந்தத்தின் நீளம், உடைவு, வால் முடி. இரு காதையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். இடம், நேரம், கூட்டத்தின் எண்ணிக்கை, குட்டி எத்தனை. எந்தக் கூட்டம் எங்கே என்று தெரிந்தால் விவசாயிக்கு முன்கூட்டியே சொல்ல முடியும்.

ஆற்றுப் படுகையில் வண்டியை வழியை மறித்து நிறுத்தாதீர்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். காதை விரித்துத் தலையை உயர்த்தி ஓடி வந்தால் பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டவைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டி வந்தால் மெய். ஆனால் இதைப் படித்தறியும் தூரம் வரை நெருங்குவதே தவறு.

போன மாத இறுதியில் வறட்சி நிவாரண இறைச்சிக்காக 723 காட்டு விலங்குகளைச் சுட அரசு முடிவெடுத்தது, அதில் 83 யானைகள். வெளிநாட்டிலிருந்து கண்டிப்பது எளிது. இந்த மண்ணில் விலங்குகள் தப்பியதற்கு உள்ளூர் மக்களே காரணம். 1980களின் தொடக்கத்தில் இயற்கைப் பாதுகாவலர் கார்த் ஓவன்-ஸ்மித் கிராமத் தலைவர்களோடு சேர்ந்து ஊர்க்காரர்களையே காவலர்களாக வைத்தார், வேட்டை அடங்கியது. வனவிலங்கு உரிமையை ஊர்களுக்குத் தந்த 1996 சட்டத்துக்குப் பின் ஊர்களே காப்பகங்களை நடத்தி வருமானம் பெறுகின்றன. அந்த நம்பிக்கை நீடிக்க வேண்டுமானால் உடைந்த குழாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

செப்டம்பர் 14, சனி

நண்பர்களோடு பயணம் தொடக்கம். வாடகை வண்டியில் கையெழுத்திடும் முன் இரண்டு உபரி டயர், ஜாக், காற்றடிக்கும் கம்ப்ரெசர், அழுத்தமானி எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேர்ந்துள்ளதா, வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தால் பணம் உண்டா என்று கேளுங்கள். சரளைச் சாலையில் நடக்கும் பெரிய விபத்து அதுதான். சட்டம் 100 கிலோமீட்டர் வரை விட்டாலும் 80க்கு மேல் வேண்டாம். கூரையில் கூடாரம் ஏற்றிய வண்டி உச்சி கனத்தது, வளைவில் பின்பக்கம் வழுக்கும்போது ஸ்டியரிங்கை வெட்டினால் உருளும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுங்கள், பிரேக் வேண்டாம்.

சரளைக்கு டயரில் 1.8 முதல் 2 பார் காற்றழுத்தம். மணலுக்கு 1.2. மணல் முடிந்ததும் மறுபடி அடியுங்கள், காற்றுக் குறைந்த டயரில் வேகம் போனால் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும், அந்தக் கிழிசலை ஒட்டவும் முடியாது. பெட்ரோல் பங்க்கைக் கண்டால் பாதி டாங்க் இருந்தாலும் நிரப்புங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் 20 லிட்டர் தொடாமல். இருட்டிய பின் ஓட்ட வேண்டாம், குடு மான் விளக்கைப் பார்த்துக் குறுக்கே பாயும்.

செப்டம்பர் 17, செவ்வாய். செஸ்ரியம், சோசுஸ்ஃப்லே மணல்மேடுகளுக்கான வாயில்

உள் முகாமில் தங்குபவர்களுக்கு வாயில் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கும். அங்கிருந்து சோசுஸ்ஃப்லேக்கு 60 கிலோமீட்டர் தார், கடைசி 5 கிலோமீட்டர் கனத்த மணல். மணலில் நின்றுவிட்டால் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள், இறங்கி டயருக்கு முன்னே மணலை வாருங்கள், இன்னும் காற்றை இறக்குங்கள். டெட்ஃப்லே என்னும் வறண்ட பள்ளத்தின் மரங்கள் பல நூறு ஆண்டுகளாகக் காய்ந்து நிற்பவை, சாய்ந்து படமெடுக்க வேண்டாம்.

செப்டம்பர் 20, வெள்ளி. எட்டோஷா தேசியப் பூங்கா

ஒக்கவுக்வேயோ முகாமின் விளக்கிட்ட நீர்நிலையோரம் இரவு முழுதும் உட்காரலாம். பூங்காவிலிருந்து தெற்கே வெளியேறும்போது பச்சை இறைச்சியைச் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். கால்நடை நோய்த் தடுப்பு வேலி அது. அன்றைய இரவே சமைத்துவிடுங்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு. கொரிக்ஸாஸ் வழியாகத் திரும்பல்

வழியில் அதே பண்ணை. சுவர் மார்பளவு உயர்ந்திருக்கிறது, மேல் வரிசையில் சாக்கு இன்னும் ஈரம். வெளித்தொட்டியைச் சுற்றி மணலில் தடங்கள்: முன்கால் வட்டம், பின்கால் நீள்வட்டம், நடுவே குட்டியின் சின்னச் சுவடு. ஆற்றிலிருந்து நேராகத் தொட்டிக்கு வந்து, வந்த வழியே திரும்பியிருக்கின்றன. தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது, வழிந்த ஈரம் வெளியில் இல்லை.