குளிர்நாட்டுச் சமையலறையில் பருவங்கள்

நான்கு பருவங்களும் தெளிவாக மாறி வரும் குளிர்நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு, பேருந்துத் தடங்களும் அலுவலக நடைமுறைகளும் பழகிய பின்னும் நெடுநாள் பிடிபடாமல் இருப்பது காய்கறிச் சந்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர்பதனக் கிடங்கும் விமானச் சரக்கும் உள்ள இக்காலத்தில் தக்காளியும் கத்தரிக்காயும் எந்த மாதத்திலும் கிடைத்துவிடுகின்றன. ஆகவே பழகிய காய்களையே தேடி வாங்கி, பழகிய பக்குவத்திலேயே சமைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடவும் முடியும். ஆனால் காயாகவே பறித்துத் தொலைவிலிருந்து ஏற்றி வந்த தக்காளியில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. அந்தந்த மாதத்தில் அந்த மண்ணில் விளைவதை வாங்கிச் சமைக்கத் தொடங்கிய பிறகே எனக்கு இந்த நாடு மெல்ல மெல்லச் சொந்தமாயிற்று.

அதைத் தொடங்கி வைத்தது கேல் என்னும் சுருட்டைக் கீரை. பனிக்காலத்தில் மற்றச் செடிகளெல்லாம் கருகிவிட, இது மட்டும் வயலில் நிமிர்ந்து நிற்கும். உறைபனி விழுந்த பிறகு பறித்த கேல் முன்னதைவிட இனிப்பாக இருக்கும் என்று சந்தையில் சொன்னபோது அதை விற்பனைப் பேச்சு என்றே எண்ணினேன், அது உண்மை. குளிர் கடுமையாகும்போது செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த சாறு எளிதில் உறையாது என்பதால் அதன் உயிரணுக்கள் தப்பிக்கின்றன. கேரட்டும் பார்ஸ்னிப் கிழங்கும் குளிரில் இனிப்பதற்கும் இதுவே காரணம். தண்டின் தடித்த நரம்பை நீக்கி, இலையைப் பொடியாக அரிந்து, எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் நசுக்கிய பூண்டும் தாளித்து, சிறிது நீர் தெளித்துச் சில நிமிடங்கள் வதக்கினால் போதும். நல்ல பருவத்தில் வாங்கிய காய்க்கு மசாலா அதிகம் தேவைப்படுவதில்லை என்பதை அந்தக் கீரைதான் எனக்கு உணர்த்தியது.

இளவேனிலில் வரும் ஆஸ்பரகஸ் தண்டுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நேரம்தான் முக்கியம். பறித்த நொடியிலிருந்து அவற்றின் இனிப்புக் குறையத் தொடங்குவதால், வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். ஸ்ட்ராபெரி பறித்த பின் பழுக்காது. ஆகவே காம்பு வரை சிவந்ததை மட்டும் எடுக்கிறேன். பேரிக்காய் இதற்கு நேர்மாறானது: மரத்திலிருந்து இறக்கி வைத்த பின்னரே உள்ளிருந்து கனியும், காம்பருகே மெல்ல அழுத்தினால் அது கனிந்துவிட்டதா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

இலையுதிர்காலம் வந்தால் என் கண்கள் சுவையைவிட நிறத்தைத் தேடுகின்றன. ஊதா முட்டைக்கோசைக் குறுக்கே வெட்டிப் பார்க்காதவர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்: வெள்ளையும் ஊதாவும் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, எந்த இரண்டு துண்டும் ஒரே கோலத்தில் அமைவதில்லை. அதன் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்புப் பட்டால் இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் வெந்தால் நீலம் பாயும். எனவே வதக்கும்போதே எலுமிச்சைச் சாறு சேர்த்துவிடுகிறேன். பச்சைக் காய்களுக்கோ புளிப்புதான் பகை. பட்டாணியிலும் பீன்ஸிலும் எலுமிச்சையை முன்னதாகவே பிழிந்தால் பச்சையம் சிதைந்து மங்கிய பழுப்பாகிவிடும் என்பதால், தட்டில் வைத்த பின்னரே பிழிய வேண்டும். நிறத்தைக் காப்பது ஒப்பனைக்காக மட்டுமன்று. பெரும்பாலும் நிறம் கெடாமல் சமைத்த காய் அளவாக வெந்த காயாகவும் இருக்கிறது.

தட்டை அழகாக அடுக்குவதில் எனக்கு உண்டான ஈடுபாடு இந்த நிறங்களிலிருந்தே பிறந்தது. இதைச் சிலர் வீண் வேலை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உறவினர் எவரும் அருகில் இல்லாத ஊரில், தனக்காகச் சமைத்த உணவையும் விருந்தாளிக்கு வைப்பதுபோல் வைத்து உண்பது மனத்துக்குப் பெரிய ஊட்டம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. விளிம்பு வரை நிரப்பாமல் தட்டில் சிறிது வெற்றிடம் விடுவேன். வெளிறிய உருளைக்கிழங்கு சூப்புக்குக் கருநீலக் கிண்ணமும், பூசணி மசியலுக்கு வெண்மையான, பளபளப்பில்லாத தட்டும் எடுப்பேன். சூப்பின் மேல் எண்ணெயை வட்டமாகச் சொட்டி, வறுத்த பூசணி விதைகளைத் தூவிய பிறகு, நறுக்கிய இலையைக் கடைசியில் வைப்பேன்; சூட்டில் அது வதங்குவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும், உண்ணவும் தொடங்கிவிட வேண்டும்.

படத்துக்கு வெளிச்சமே எல்லாம். மின்விளக்கை அணைத்துவிட்டுச் சாளரத்தின் பக்கவாட்டில் தட்டை வைத்து, வெயில் நேராக விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால், நிழல் இளகி உணவின் மேற்பரப்பு தெளிவாகத் தெரியும். தட்டையாகப் பரப்பிய உணவை மேலிருந்தும், கிண்ணத்தில் உள்ளதைச் சாய்கோணத்திலும் எடுப்பது நல்லது. குளிர்காலத்தில் வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிடுவதால், வார இறுதி மதிய உணவுக்கு மட்டுமே அந்த வெளிச்சம் வாய்க்கிறது. அந்த ஒரு வேளைக்காக வாரம் முழுவதும் யோசித்து வைப்பதிலும் இன்பம் இருக்கிறது.

எடுத்த படங்களை மாதவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் "இங்கே என்ன வாங்குவது அக்கா?" என்று கேட்டால், அந்த மாதத்துப் படங்களையும் இரண்டு வரிச் செய்முறையையும் அனுப்பிவைப்பேன். பனிக்காலம் முடியும் தறுவாயில், கிடங்கில் இருந்த கிழங்குகள் தீர்ந்து புதிய விளைச்சல் வராத சில வாரங்களுக்கு மட்டும் படங்கள் குறைவாக உள்ளன. லீக்ஸ் தண்டு, சேமித்த வெங்காயம், காய்ந்த பயறு ஆகிய மூன்றை வைத்து அந்த வாரங்களுக்கான தட்டுகளை இந்த ஆண்டு அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.