விசா வரும்வரை

ஜனவரி 11

மெயில் இல்லை.

ராத்திரி அத்தான் நியூசிலாந்திலிருந்து பேசினார். அங்கே விடிகிற நேரம், பால் கறக்கக் கிளம்பிக்கொண்டே பேசுகிறார். “சுடப்போறது நீ, தோள் உன்னோடது, நீயே பார்த்து முடிவு பண்ணு. மார்ச் கடைசியில மான் கத்த ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள வந்துட்டா கூட்டிட்டுப் போறேன்.” எனக்கு வாங்கப்போகும் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா என்று கேட்டால், கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் .308 என்றுதான் சொல்கிறார்களாம். எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், செம்மானுக்கு அது தாராளம். சரிதான். ஆனால் மூன்று கிலோ ரைஃபிளில் அது உதைக்கிற உதையை வாங்கப்போவது அவர்கள் தோள் இல்லை.

ஜனவரி 14

பால் பொங்கியது. மெயில் இல்லை.

ஜனவரி 16

அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டாள். “மானையாடி சுடப்போற?”

எனக்குக் கோடியக்கரைதான் ஞாபகம் வந்தது. காலேஜில் கூட்டிப்போனபோது வெளிமான்கள் திறந்த புல்வெளியில் நின்றன. முறுக்குக் கொம்புக் கிடா ஒன்று எங்கள் வேனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. அந்த மானை யாராவது குறிவைத்தால் நானே போலீஸுக்குப் போவேன். நியூசிலாந்தில் கதை வேறு. அந்த மண்ணில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் சொந்தமாகக் கிடையாது. மானை 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். புலி இல்லை, செந்நாய் இல்லை, பெருகிப் பெருகிக் காட்டின் இளஞ்செடி முழுவதையும் தின்கிறது. அரசாங்கக் காட்டில் சுட அனுமதிச் சீட்டு இலவசம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதுக்கு நீதான் கிடைச்சியா?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி.

ஜனவரி 19

.243? .308-இன் தோட்டாக் கூட்டை எடுத்துக் கழுத்தை இறுக்கி 1955-இல் கொண்டுவந்தது. உதை குறைவு. குண்டின் எடை 100 கிரெயின்தான். மான் எலும்பில் பட்டால்? யோசிக்கணும்.

ஜனவரி 23

இன்று முழுக்க இதே. முதலில் கட்டை, ரைஃபிளில் தோளோடு பதிகிற பின்பகுதி. கடையில் தொங்குகிற ரைஃபிள் எல்லாம் ஆறடி ஆளின் கைக்குச் செய்தது. கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டி ஸ்கோப்பை, அந்தக் குறிபார்க்கும் கண்ணாடியை, தேட வேண்டும், தோள் குழியில் உட்கார வேண்டிய கட்டை நழுவிப் புஜத்துக்குப் போகும், அப்புறம் ஒவ்வொரு உதையும் எலும்பில். உதைக்குப் பயந்தவள் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவாள். அதனால் தோட்டாவுக்கு முன்னால் கட்டை. டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளில் காம்பாக்ட் என்று குட்டைக் கட்டையோடு ஒன்று வருகிறது, உள்ளே வைக்கும் துண்டுகளைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். ஹோவா ரைஃபிளும் பார்த்தேன், கனம் கூட, கனம் உதையைத் தின்னும் என்றாலும் மலையில் தூக்கி நடக்க வேண்டுமே.

தோட்டாவில் இப்போது மனம் 7 எம்.எம்-08 பக்கம். இதுவும் .308 கூடுதான், 1980-இல் கடைக்கு வந்தது. 140 கிரெயின் குண்டு, வினாடிக்குச் சுமார் 850 மீட்டர். 140 கிரெயின் என்றால் 9 கிராம். ஒரு சவரனுக்கு மேல் ஒரு கிராம். அதை 150 கிலோ மிருகத்தின் தோளுக்குப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கிற இடத்தில், சரியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வேறெங்கும் கூடாது.

வேறெங்கும் கூடாது.

ஜனவரி 28

மேட்டூரை மூடிவிட்டார்கள். எங்கள் அறுப்பு இன்னும் பாக்கி, மெஷின் வரவில்லை.

கொள்ளிடப் படுகையில் பன்றி மறுபடி கரும்பை உழுதிருக்கிறது. அப்பா பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை. அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி பீரோவில்தான் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கணும், முடிந்தால் திருப்பி வாங்கணும், அவ்வளவுதான் அதன் வேலை. லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட இவருக்கு அதிகாரம் இல்லை.

சுட முடியாதவன் அவுட்டுக்காய் வைக்கிறான். பழத்துக்குள் வெடி. பன்றிக்கு வைத்ததை அந்தச் செவலைப் பசு கடித்தது. டாக்டர் ஊசி போட, தலையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தாடை இல்லை. நாக்கு தொங்கி மண் ஒட்டியிருந்தது. அந்த நிலையிலும் அது என் காலடியில் இருந்த அருகம்புல்லைப் பார்த்து முகத்தைக் கொண்டுபோனது.

.243 வேண்டாம்.

பிப்ரவரி 1

மொட்டை மாடியில் ஏர் ரைஃபிள். 4.5 எம்.எம்., இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பின்னால் மணல் சாக்கு. தம்பி வைக்கோல் போரை நோக்கிச் சுடலாம் என்றான், விடவில்லை. ஈயம் மாட்டு வயிற்றுக்குப் போகும். பத்து மீட்டரில் தீப்பெட்டி. விசையை இழுத்த பிறகும் கண் குறியிலேயே நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 4

ஸ்கோப். ரைஃபிளுக்கு ஆகிற காசில் பாதிக்கு மேல் இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன், அத்தானுக்கு அது புரியவில்லை. மங்கிய வெளிச்சத்தில்தான் மான் வெளியே வரும். அப்போது மட்டமான கண்ணாடியில் மானும் புதரும் ஒரே சாம்பல். அவர் நண்பர் ஒருவர் 5-25x56 வாங்கச் சொல்கிறார், அதாவது 5 முதல் 25 மடங்கு பெருக்கும், முன் கண்ணாடி 56 மில்லிமீட்டர். அது மட்டுமே கிட்டத்தட்ட ஒரு கிலோ! எனக்கு 3-9x40 போதும், 400 கிராமுக்குள் கிடைக்கும். கணக்கு எளிது: முன் கண்ணாடியின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். 4-க்குக் குறைத்தால் 10. இருட்டில் நம் கண்ணின் பாப்பா விரிவதே அதிகம் போனால் 7 வரை. அப்புறம் எதற்கு 56?

திருகு விஷயமும் உண்டு. குறியை நகர்த்தும் திருகு எம்.ஓ.ஏ., மில் என்று இரண்டு கோண அளவில் வரும். கால் எம்.ஓ.ஏ. திருகு என்றால் ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகரும். 0.1 மில் திருகு என்றால் ஒரு சென்டிமீட்டர். பதற்றத்தில் மனக்கணக்கு போட எனக்குச் சென்டிமீட்டர்தான் சரி. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஒன்பது, பத்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உதையில் புருவம் கிழியும்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒற்றைக்குழல் முனையில் ஒரு பித்தளை மணி, அவ்வளவுதான் அவருக்குக் குறி. “இப்ப அந்த மணியே தெரியல பாப்பா” என்றார். இரண்டு கண்ணிலும் புரை. நான் போவதற்குள் ஆபரேஷன் முடிந்தாக வேண்டும்.

பிப்ரவரி 5

மழை. இந்த நேரத்தில்.

பிப்ரவரி 9

நெல் ரோட்டில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். தார்ப்பாயைத் தூக்குவதும் போடுவதுமாகவே பொழுது போகிறது. ரைஃபிளைப் பற்றி யோசிக்கவே பிடிக்கவில்லை. யாரோ எங்கோ ஒரு மேசையில் என் பேரைத் திறந்து பார்த்தார்களா, அதுவும் தெரியாது.

பிப்ரவரி 13

நெல் போய்விட்டது. அப்பா தூங்குகிறார்.

குண்டு ஈயமா செம்பா? ஈயக் குண்டு உள்ளே உடைந்து பொடியாகும், பொடி கறியில் போகும். அந்தக் கறியை நாங்கள் சாப்பிடப்போகிறோம், நாளைக்குக் குழந்தையும் சாப்பிடும். செம்பு உடையாது, பூப்போல விரிந்து முழுதாகக் கடந்து போகும். ஆனால் விரிய வேகம் வேண்டும், அதனால் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 100 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிளின் குண்டு 300 மீட்டரில் ஒரு அடிக்கு மேல் இறங்கும், காற்று வேறு. நான் 200-க்கு மேல் சுடவே மாட்டேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். “அப்ப பாதி நாள் சும்மாதான் திரும்பி வரணும்” என்றார். வரலாம். என்ன இப்போ?

பிப்ரவரி 17

மெயில் வந்தது! விசா இல்லை. சேர்ந்து வாழ்ந்ததற்கு இன்னும் ஆதாரம் கேட்கிறார்கள். கல்யாண ஆல்பம், ஜாயின்ட் அக்கவுன்ட், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள். அவர் போனதிலிருந்து ஒரே முகவரிக்கு எந்தக் கடிதம் வரும்? ராத்திரி ராத்திரி ரைஃபிள் பேசிய வாட்ஸ்அப்பையே அச்செடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 18

அங்கே துப்பாக்கி லைசென்ஸுக்கும் போலீஸ் கணவரிடம் தனியாகக் கேட்பார்களாம், இவளிடம் துப்பாக்கி இருக்கலாமா என்று. பரீட்சை உண்டு, வீட்டுக்கு வந்து பூட்டு பார்ப்பார்கள். அதுவரை அவருடைய லைசென்ஸில், அவர் பக்கத்திலேயே இருந்தால் சுடலாம். அது எனக்குச் சம்மதம். அப்படித்தான் இருக்கணும்.

பிப்ரவரி 21

அப்பாவுக்கு வலது கண் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, எவ்வளவு தூரத்தில் மான் நிற்கும், காற்று எந்தப் பக்கம், அடிபட்டு ஓடினால் என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்டார். ஓடினால் இருட்டினாலும் தேடுவேன் என்றேன். அந்தச் செவலையை அவரும் பார்த்தவர்.

பிப்ரவரி 24

அத்தான் கடையில் விசாரித்திருக்கிறார். குட்டைக் கட்டையில் 7 எம்.எம்-08 கைவசம் இல்லை, 6.5 கிரீட்மூர் இருக்கிறதாம். 2007-இல் வந்த தோட்டா, உதையும் கிட்டத்தட்ட அதே அளவு, இன்னும் கொஞ்சம் குறைவுகூட. 200 மீட்டருக்குள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செம்புக் குண்டுத் தோட்டா அந்தக் கடையில் உண்டா, குழல் எத்தனை அங்குலம், சைலன்சர் மாட்ட முனையில் மரை வெட்டியிருக்கிறதா, இதெல்லாம் அவர் கேட்கவே இல்லை. ராத்திரி பேசும்போது முதலில் மரையைக் கேட்கணும், அப்புறம்