ஓரத்தில் ஓர் இனிஷியல்

அந்தப் பையன் போட்ட இனிஷியலை நான் அழித்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அழிக்கும்போது சொன்னதுதான் அவ்வப்போது வந்து உறுத்துகிறது.

எங்களுக்கு வந்த வெளிநாட்டு காமிக்ஸ் பக்கங்கள் பெரியவை. நாங்கள் போட்டது பாக்கெட் சைஸ். கட்டங்களை வெட்டி, பக்கத்துக்கு இரண்டு மூன்றாக ஒட்டினால் எங்காவது ஓரம் காலியாக நிற்கும். ஆங்கில வசன பலூனை வெள்ளையடித்துத் தமிழில் எழுதுவது என் வேலை. காலி இடத்தில் மலையையோ சுவரையோ நீட்டி வரைவது அவன் வேலை. அன்று நீட்டியது ஒரு துறைமுகம். பாய்மரம், கயிறு, தண்ணீரில் விழும் நிழல் எல்லாம் இருந்தது. மூலப்படம் எங்கே முடிகிறது, இவன் எங்கே தொடங்கினான் என்று எனக்கே பிடிபடவில்லை. கீழே கயிற்றுச் சுருளுக்குள் இனிஷியலைச் சொருகியிருந்தான்.

"இது என்னடா?"

"நான் வரைஞ்சதுக்குத்தாண்ணே போட்டேன்."

"இரும்புக்கை மாயாவியை வரைஞ்சவர் பேர் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாது. அவருக்கே பேர் இல்லை. நாலு கயிறு வரைஞ்ச உனக்கு எதுக்கு?"

பிரஷ்ஷை வெள்ளையில் தொட்டேன். "மாயாவிக்குக் கையாவது வெளிய தெரியும்லண்ணே" என்றான். கதையில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். எல்லோரும் சிரித்தோம். அவனும்தான்.

மாயாவியை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ, 1919ல் பார்சிலோனாவில் பிறந்தவர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. இருபது வயதுக்கு முன்பே குட்டோ என்ற சிறுவனைப் படைத்து ஸ்பெயினில் பேர் வாங்கியவர். ஆனால் 1962ல் லண்டனின் வேலியண்ட் வார இதழில் மாயாவியை வரைந்தபோது அவர் பேர் அச்சில் இல்லை. அந்த இதழ்களின் வழக்கம் அது. இங்கே 1972ல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக மாயாவி வந்து, கதாநாயகனைத் தெரியாத பையன் ஊரில் இல்லை என்றானபோதும், வரைந்தவர் யாரென்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

ஆக, நான் அவனிடம் சொன்னது தகவலாகச் சரிதான். அப்படிப் பார்த்தால் பிளாஸ்கோ பேரிலும் சிக்கல் உண்டு. அலெஹாந்த்ரோ, அட்ரியானோ, பிலி என்று உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள்; ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்த குடும்பம். நாம் வியக்கும் ஒரு கட்டத்தில் எந்தக் கோடு யார் கை என்று யார் சொல்வது? பெரிய இடத்திலேயே இப்படி என்றால் எங்கள் மேஜைக்கு என்ன வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். உடனே இன்னொன்றும் தோன்றும்: ஒருவருக்குச் செய்யாததை இன்னொருவருக்கும் செய்யாதே என்பது என்ன நியாயம்?

முதலாளியின் கணக்கு வேறு. "பேர் போட்டா பக்கத்துத் தெருக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அவர் பயம் பொய்யில்லை. பிரிட்டனில் 1977ல் தொடங்கிய 2000 ஏடி என்ற காமிக்ஸ் இதழ் ஓவியர் பேரை முறையாகப் போட ஆரம்பித்தது. கொஞ்ச காலத்தில் பிரையன் போலண்ட், டேவ் கிப்பன்ஸ் எல்லாம் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்துக்கு வரைந்துகொண்டிருந்தார்கள். ஓவியர்களுக்கு நல்லதுதான். மாதச் சம்பளம் கொடுத்துப் பையனைத் தயார் செய்தவருக்கு?

இத்தனைக்கும் எங்கள் தலைக்கு மேல் தொங்கிய காலண்டரில் கொண்டைய ராஜுவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. சாமி படம் வரைந்த கோவில்பட்டி ஓவியர். சாமி படத்துக்குக் கீழே மனுஷன் பேர் இருக்கலாம், கொள்ளைக்காரன் படத்துக்குக் கீழே கூடாது. இரண்டும் அச்சானது ஒரே ஊர், ஒரே மெஷின். பையன் இதைச் சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். சொல்லவில்லை.

ஆனால் காலண்டர் முழுக்க அவர் கை. இது வேறொருவர் படத்தின் ஓரம். அதில் தன் எழுத்தைப் போட்டால் வாசகன் மொத்தக் கட்டத்தையும் இவன் வரைந்ததாக நினைப்பான். அழித்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை என்பது இதனால்தான். கடைசிப் பக்கத்தில் அச்சக முகவரிக்குக் கீழே அவன் பேரைப் போட இடம் இருந்தது, அது உண்மை. முதலாளியிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கும் சேர்த்துக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அத்தனை பலூனும் என் கையெழுத்துதானே.