பெரட்டில் நிற்காத ஒரு நாள்

வருகைப் பதிவில் என் பெயர் இல்லை. அரசின் ஊரக வேலைத் திட்டமான நூறு நாள் வேலைக்கு உள்ளூர்க்காரர்களிடம்தான் வேலை அட்டை இருந்தது. நான் மலேசியக் கடப்பிதழோடு வந்தவள். காலையில் பணித்தளப் பொறுப்பாளர் எல்லாரையும் ஓடைக்கரையில் வரிசையாக நிறுத்திக் கைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினார். "டீச்சர், நீங்கள் மட்டும் அந்தப் புங்க மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்றார். படத்தில் ஒரு தலை கூடினால் கணக்கு இடிக்கும். ஒதுங்கி நின்று அந்த வரிசையைப் பார்த்தேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் இப்படித்தான் பெரட்டுக்கு நிற்பார்கள். பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் பால்மரம் வெட்டக் கிளம்புவார்கள். அம்மா நின்றிருக்கிறார். அவருக்கு முன்னால் தாத்தா நின்றிருக்கிறார்.

தாத்தா வட ஆர்க்காட்டுக்காரர், இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கம். 1930களில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணியோடு ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பும் வழியை அடைத்துவிட்டது. அதற்குச் சற்று முந்திய கூட்டம் அது. சொந்த ஊரின் பெயரை அவர் சரியாகச் சொன்னதே இல்லை. "ஜவ்வாது மலை தெரியும். ஆறு இருந்தது, தண்ணீர்தான் இல்லை." எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்த விலாசம் இவ்வளவுதான்.

2021 செப்டம்பரில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் நாகநதியைப் பற்றிப் பேசினார். வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் வறண்ட ஆற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்த கதை அது. ஜவ்வாது மலை, வறண்ட ஆறு என்று படித்ததும் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் அங்கே போய் ஒரு நாளாவது மண் சுமக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏற்பாடுகள் நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. இந்தியச் சுற்றுலா மின்விசாவிலேயே, ஒரு மாதத்துக்கு மிகாத, ஊதியம் வாங்காத தன்னார்வப் பணிக்கு இடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கணவரின் சிகிச்சைக்காக வேலூர் வந்தபோது ஒரு வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தோம். அந்த வீட்டுக்காரம்மாவுக்குக் கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். ஊராட்சித் தலைவரிடம் அவர்தான் பேசினார். கூலி வேண்டாம், பதிவும் வேண்டாம், அடிபட்டால் பொறுப்பு என்னுடையது என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். 2025 பிப்ரவரியில் சென்னையில் இறங்கி, ரயிலில் காட்பாடி வந்து, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

அங்கே வெட்டிக்கொண்டிருந்தது நீர் செறிவூட்டும் உறைக்கிணறு. மழைக்காலத்தில் ஓடையில் வரும் வெள்ளம் நிற்காமல் பாலாற்றைப் பார்த்து ஓடிவிடுகிறது. மேல்மணலுக்குக் கீழே களிமண் இறுகிப் பாளமாகக் கிடப்பதால் நீர் கீழே இறங்குவதில்லை. இந்தப் பக்கமெல்லாம் கடும்பாறை நிலம். நிலத்தடி நீர் தங்குவது சிதைந்த பாறையிலும் அதன் விரிசல்களிலும்தான். ஆகவே களியைத் துளைத்துக் குழி தோண்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியிலும் சுற்றிலும் கூழாங்கல்லும் மணலும் நிரப்புகிறார்கள். வெள்ளம் வரும்போது அந்த வழியாக நீர் பூமிக்குள் போகும். நீர் எடுக்கும் கிணறு எல்லாருக்கும் தெரியும். இது நீர் கொடுக்கும் கிணறு.

குழி பத்தடிக்குப் பத்தடி. நான் போன அன்று ஏழடி ஆழம் போயிருந்தது. பன்னிரண்டு பெண்கள், பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். உள்ளே இரண்டு பேர் கடப்பாரையால் குத்த, இரண்டு பேர் மண்வெட்டியால் வாரிப் போட, மற்றவர்கள் படிபோல் வெட்டிய பக்கச்சரிவில் நின்று பாண்டைக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள். இரும்புச் சட்டிக்கு அங்கே பாண்டு என்று பெயர். நிரப்பினால் பதினைந்து கிலோ வரும்.

என்னை மூன்றாம் படியில் நிறுத்தினார்கள். பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எனக்குக் கீழே நின்றவர் எழுபது வயதுப் பெரியவர். எல்லாரும் அவரை "ஆயா" என்றார்கள். எங்கள் தோட்டத்தில் ஆயா என்றால் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். வட ஆர்க்காட்டில் அது பாட்டி. எனக்கு இரண்டு பொருளிலும் அவர் ஆயாதான். "கையால் தூக்காதே கண்ணு, இடுப்பால் வாங்கு. பாண்டு வரும் வேகத்திலேயே மேலே போகட்டும், நடுவில் நிறுத்தினால்தான் கனக்கும்" என்றார். அப்படியே செய்து பார்த்தேன். கனம் குறைந்துவிடவில்லை. ஆனால் அது என் மேல் உட்காராமல் கடந்து போயிற்று. முப்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்ற எனக்கு ஒரு வாக்கியத்தில் இவ்வளவு கற்றுக்கொடுத்தவர்கள் குறைவு.

சும்மாடு கட்டவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பழைய சேலைத் துணியை ஈரமாக்கி முறுக்கிச் சுற்ற வேண்டும். உலர்ந்த துணி வழுக்கும். கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டும் முறை வந்தபோது முதல் நான்கு நடையில் இரண்டு முறை பாதி மண்ணைச் சிந்தினேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் சிந்தியதைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தார்.

மதியம் புங்க மர நிழலில் தூக்குச்சட்டிகள் திறந்தன. கேழ்வரகுக் களி, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு, வறுத்த மல்லாட்டை. வேர்க்கடலையை மல்லாட்டை என்று தாத்தாவுக்குப் பிறகு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு கைகளிலும் கொப்புளம் வெடித்திருந்ததால் களியை உருட்ட முடியவில்லை. ஆயா உருட்டிக் கொடுத்தார்.

அங்கேதான் கூலியைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். அது உச்ச அளவு. வெட்டிய மண்ணை அளந்துதான் தருவார்கள், குறைந்தால் கூலியும் குறையும். அதுவும் கார்த்திகைக்குப் பிறகு செய்த வேலைக்கு யார் கணக்கிலும் பணம் ஏறவில்லை. தை பிறந்தும் வராததால் பொங்கலுக்குக் கடன் வாங்கியதாக ஒருவர் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை.

இந்த வேலையைச் "சும்மா மரத்தடியில் உட்கார்ந்து வாங்கும் காசு" என்று மலேசிய உறவினர்கள் முதல் நகரத்து ஆட்டோக்காரர் வரை எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். மாலையில் நாடாவைப் பிடித்து அளந்தபோது அன்று ஒன்றரை அடி இறங்கியிருந்தது. நூற்றைம்பது கன அடி, ஏறக்குறைய எட்டு டன் மண். அதைப் பன்னிரண்டு பெண்கள் கையாலும் தலையாலும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; என் பங்கு ஒரு பாண்டு மிஞ்சினால் பெரிது. அப்படிப் பேசுகிறவர்கள் ஒரே ஒரு முற்பகல் அந்த மூன்றாம் படியில் நிற்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு: கையுறை கொண்டுபோனேன், பாண்டின் விளிம்பு வழுக்கியதால் கழற்றிவிட்டேன். முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். பணமோ பரிசோ கொண்டு போகாதீர்கள். போன இடத்தில் என்ன வேலை இருக்கிறதோ அதைக் கேட்டுச் செய்யுங்கள்.

பிற்பகல் படத்துக்கும் வரிசை கூடியது. நான் சொல்லாமலே புங்க மரத்தடிக்குப் போய் நின்றேன். படம் எடுத்து முடிந்ததும் எல்லாரும் மண்வெட்டிகளைக் கழுவத் தொடங்கினார்கள். ஆயா மட்டும் குடத்தில் மிஞ்சிய தண்ணீரை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். குழியின் நடுவில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீர் அசையாமல் நின்றது, மேலே இருந்த வானம் அதில் தெரிந்தது.

"களி இன்னும் விடவில்லை" என்றார் ஆயா. விரலை மண்ணுக்குள் அழுத்திப் பார்த்தார். "இரண்டு முழம் போகணும். பிறகு சரளை வரும், குடித்துவிடும்."