பர்கூர் மலை மேய்ச்சலும் கிராம சபைத் தீர்மானமும்

2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலை அடங்கிய அந்தியூர், கோபி வட்டங்களின் சுமார் 80,000 ஹெக்டேர் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமானது. சரணாலயத்துக்குள் மாடு மேய்க்கக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-லேயே சொல்லியிருக்கிறது. காட்டில் பட்டி போட்டு பர்கூர் செம்மறை என்னும் நாட்டு மாட்டினத்தை வளர்ப்பவர்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை.

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. சரணாலயத்துக்கும் அது பொருந்தும். 2022 காட்டுயிர்ச் சட்டத் திருத்தம், அப்படிப்பட்ட இடங்களில் மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையைக் கலந்தே தயாரிக்கச் சொல்கிறது. கலந்து பேசுவதோடு சரி. மறுக்கும் அதிகாரம் அதில் இல்லை. ஆகவே பி படிவத்தில் சமூக உரிமைக் கோரிக்கை முந்திக்கொண்டு பதிவாக வேண்டும்.

அந்தக் கோரிக்கைக்குத் தீர்மானம் போடும் கிராம சபைக் கூட்டத்தில்தான் தவறு நடக்கிறது. ஜனவரி 26 ஊராட்சிக் கூட்டத்திலேயே தீர்மானத்தை முடித்துவிடுகிறார்கள். மலைக் குடியிருப்புகளிலிருந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். வன உரிமை விதிப்படி வயதுவந்தோரில் பாதிப் பேர் வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும். வயதுவந்தோர் 240 பேர் உள்ள ஊரில் 120 பேர், அதில் 40 பெண்கள். வருகைத் தாளில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதுவது இன்னும் மோசம். தீர்மானத்தை உரக்கப் படியுங்கள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்களுக்குக் கன்னடத்திலும் சொல்லுங்கள். கடைசி வரிக்கு அடியிலேயே, இடம் விடாமல், கையெழுத்தும் கைநாட்டும் விழட்டும். நகல் ஊரிடம் இருக்கட்டும்.

ஈரோடு மாவட்ட மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இல்லை. ஆகவே அவர்களும், இங்குள்ள லிங்காயத்துகளும் 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டுகள், அதாவது 1930-லிருந்து, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரு சான்று போதாது. பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். பழைய மேய்ச்சல் இடம், சுடுகாடு, கோயில் மரம் எல்லாம் சேரும்.

காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ கொடுப்பதில் நிலைமை வேறு. கிராம சபை ஒப்புதல் முதலில் வேண்டும் என்றது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2009 சுற்றறிக்கை. 2022 வனப் பாதுகாப்பு விதிகள் அந்த வரிசையை மாற்றின: ஒன்றிய அரசின் இறுதி அனுமதி முந்திவிடலாம், உரிமைகளை மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாலி கட்டியபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போன்றது இது. இந்த மாற்றம் எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

கிராம சபை அனுப்பும் உரிமைக் கோரிக்கையை வருவாய்க் கோட்ட அளவிலான குழு நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையீடு போய்ச் சேர வேண்டும்.